கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு நான்கே ஆண்டுகளா?

2020 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநில வாக்குச்சீட்டின் உச்சியில் டொனால்ட் ட்ரம்ப், ஜோ பைடன் பெயர்கள் இருந்தன. அடுத்து, செனட் பதவிக்கு மிட்ச் மெக்கானலும் ஏமி மெக்ராத்தும். உலகத்தின் கண் அந்த இரண்டு போட்டிகளின் மேல்தான் இருந்தது. அதே சீட்டில் மாநில அரசியல் சாசனத்துக்கான இரண்டு திருத்தங்களும் நெருக்கமான எழுத்தில் அச்சாகியிருந்தன. முதலாவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் பற்றியது. 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆதரவோடு அது நிறைவேறியது. இரண்டாவது திருத்தம் மூன்று காரியங்களைச் செய்யப் பார்த்தது: மாவட்ட நீதிபதிகளின் பதவிக்காலத்தை 4 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக்குவது, அந்தப் பதவிக்கு வருகிறவர் 2 ஆண்டு வக்கீலாக இருந்தால் போதும் என்பதை 8 ஆண்டாக உயர்த்துவது, காமன்வெல்த் அட்டர்னி எனப்படும் அரசு வழக்கறிஞர்களின் காலத்தை 6 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக்குவது. வாக்களித்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிபர் தேர்தல் இரைச்சலில் அந்த முடிவைப் பற்றிக் கென்டக்கிக்கு வெளியே யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். மக்கள் ஓட்டுப் போட்டு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஊரில் அந்த நீதிபதி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் முன் வந்து நிற்க வேண்டும் என்பது, ஜாமீனுக்கும் வாடகை வீட்டுக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. அந்தத் திருத்தம் கேட்டதில் நியாயம் இருந்தது, கேட்ட விதத்தில் இல்லை என்பது என் முடிவு.

முதலில் இந்த மாவட்ட நீதிமன்றம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் மாவட்ட நீதிபதி என்றால் மாவட்டத்திலேயே பெரிய நீதிபதி. கென்டக்கியில் அந்தப் பெயரில் இருப்பது ஏணியின் முதல் படி. ஏறக்குறைய நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் முன்சீப் கோர்ட்டும் சேர்ந்தது. 12 மாதம் வரை சிறைத் தண்டனை உள்ள சிறு குற்றங்கள், போக்குவரத்து வழக்குகள், 5,000 டாலர் வரையிலான சிவில் வழக்குகள், உயில் விவகாரம், சிறார் வழக்குகள், வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகள் எல்லாம் இங்கேதான். கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களின் விசாரணை மேலே சர்க்யூட் கோர்ட்டில் நடந்தாலும், கைதானவர் முதலில் நிறுத்தப்படுவதும் ஜாமீன் தீர்மானிக்கப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான். போதைக்கு அடிமையான பிள்ளையைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோர் மனுப் போடும் இடமும் இதுவே. மாத்திரைகளும் ஹெராயினும் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 2004-இல், கேசி சட்டம் என்று மக்கள் அழைக்கும் அந்தச் சட்டம் வந்தது. 60 நாளோ 360 நாளோ ஒருவரைச் சிகிச்சையில் வைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த நீதிபதி. கென்டக்கியில் கோர்ட் வாசலை மிதிக்கிறவர்களில் 90 சதவீதம் பேர் வருவது மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் என்பது மாநில நீதித்துறையே சொல்லும் கணக்கு. லைசென்ஸ் ரத்தான பிறகும் வேலைக்கு வண்டி ஓட்டிப் போனவர், வாடகை பாக்கி வைத்தவர், பையில் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டவர் எல்லாரும் ஒரே காலை நேரத்தில் வரிசையாக அழைக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்.

மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 8 ஆண்டுக் காலம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 8 ஆண்டு. சர்க்யூட் நீதிமன்றத்தில் 8 ஆண்டு. மாவட்ட நீதிபதிக்கு மட்டும் 4 ஆண்டு. இந்த வேறுபாட்டுக்குத் தத்துவக் காரணம் எதையும் நான் காணவில்லை. வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1970-கள் வரை கென்டக்கியின் கீழ்நிலை நீதி கவுண்டி நீதிபதிகள், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்பட்டவர்கள், நகரப் போலீஸ் கோர்ட்டுகள் என்று சிதறிக் கிடந்தது. நீதிபதி நாற்காலியில் இருந்த பலர் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஹார்லன் கவுண்டியில் லிஞ்ச் என்ற சுரங்க ஊரில், குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று 1974-இல் பிடிபட்ட ஒருவரை விசாரித்த போலீஸ் கோர்ட் நீதிபதி ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சட்டக் கல்வி துளியும் இல்லாதவர். ஜூரி விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் மறுத்தார். 30 நாள் சிறை, 150 டாலர் அபராதம், லைசென்ஸ் ரத்து என்று தீர்ப்பளித்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மேல் கோர்ட்டில் சட்டம் படித்த நீதிபதி முன் புதிதாக விசாரணை கேட்கும் வழி இருப்பதால் இந்த ஏற்பாடு செல்லும் என்று 1976-இல் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதிகள் ஸ்டூவர்ட்டும் மார்ஷலும் உடன்படவில்லை. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 1975 நவம்பரில், கென்டக்கி மக்கள் ஓட்டுப் போட்டுப் பழைய அமைப்பையே ஒழித்திருந்தார்கள். 1978 ஜனவரியில் புதிய மாவட்ட நீதிமன்றங்கள் திறந்தன. சட்டம் படித்தவர்தான் நீதிபதி ஆகலாம் என்ற விதி வந்தது. ஆனால் பழைய கவுண்டி நீதிபதிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸுக்கும் இருந்த நான்காண்டுக் காலமே புதிய பதவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆளை மாற்றினார்கள், தகுதியை மாற்றினார்கள், காலத்தை மாற்றவில்லை.

இதன் விளைவு தலைகீழான ஓர் ஏற்பாடு. பெருங்குற்ற வழக்கில் 20 ஆண்டு தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீடு செய்ய நேரமும் காரணமும் இருக்கின்றன. கீழ் நீதிபதியின் தவறைத் திருத்த மேலே மாநில உச்ச நீதிமன்றமே காத்திருக்கிறது. 30 நாள் சிறை பெற்றவரின் மேல்முறையீடு கோப்பில் ஏறுவதற்குள் தண்டனையே முடிந்துபோகும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வாங்கிய வாடகைதாரருக்குக் கென்டக்கிச் சட்டம் தரும் மேல்முறையீட்டு அவகாசம் 7 நாள். அந்த ஏழு நாளில் அவர் வக்கீலைத் தேடுவாரா, வேறு வீட்டைத் தேடுவாரா? மேலே திருத்துவார் எவரும் இல்லாத இடத்தில்தான் நீதிபதியின் முதல் தீர்மானம் சரியாக இருந்தாக வேண்டும். அச்சமோ ஆதாயக் கணக்கோ இல்லாமல் அவர் முடிவெடுக்க வேண்டிய தேவை அங்கேதான் மிக அதிகம். அந்த இடத்துக்குத்தான் அடிக்கடி ஓட்டுக் கேட்டு நிற்கும் நிர்ப்பந்தத்தை வைத்திருக்கிறார்கள்.

தேர்தல் நெருங்கினால் நீதிபதியின் கை மாறுமா? நீதிபதிகளை இப்படிச் சந்தேகிப்பது அவமரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குகள் வேறு சொல்கின்றன. கிரிகரி ஹியூபர், சான்ஃபோர்ட் கார்டன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 1990-களில் பென்சில்வேனியாவில் நடந்த 22,000-க்கும் மேற்பட்ட குற்ற வழக்குகளின் தண்டனைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். நீதிபதி மீண்டும் வாக்காளரைச் சந்திக்கும் நாள் நெருங்க நெருங்க, அதே மாதிரிக் குற்றத்துக்கு அவர் தரும் தண்டனை நீண்டுகொண்டே போனது. தேர்தல் என்ற ஒரே காரணத்தால் அந்த வழக்குகளில் கூடிய சிறைக்காலத்தைக் கூட்டினால் குறைந்தது 1,800 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் நான்காண்டுக் காலம் கொண்ட நீதிபதிகளை ஆராய்ந்த கார்லோஸ் பெர்தெஹோவும் நோம் யுக்ட்மனும் 2013-இல் சொன்னது: கடுங்குற்றங்களுக்கான தண்டனைகள் தேர்தல் சுழற்சியின் தொடக்கத்தைவிட முடிவில் சுமார் 10 சதவீதம் நீள்கின்றன. குற்றவாளி அதே மாதிரி ஆள், சட்டம் அதே சட்டம், நீதிபதியும் அதே ஆள். காலண்டர் மட்டும் வேறு. அடுத்த ஆண்டு பிடிபட்டிருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருப்போம் என்று ஒரு கைதி நினைக்கும்படியான நீதி, எந்த அளவுகோலிலும் நீதி ஆகாது.

இந்த ஆய்வுகள் பெருங்குற்ற வழக்குகளைப் பற்றியவை, சிறு குற்றங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். மாவட்ட நீதிமன்றத்தில் அந்த அழுத்தம் வேறு கதவு வழியாக வரும் என்று நினைக்கிறேன். அந்தக் கதவு ஜாமீன். கென்டக்கி இதில் நாட்டுக்கே முன்னோடி மாநிலம். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் தொழிலை 1976-இலேயே தடை செய்துவிட்டது. 2011-இல் இன்னொரு சட்டம் வந்தது. கைதானவரை விடுவிப்பதில் உள்ள அபாயத்தை மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும். அபாயம் குறைவு, நடுத்தரம் என்று வந்தால் பணம் கேட்காமல் விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தின் விளைவை ஆராய்ந்த மேகன் ஸ்டீவன்சன் கண்டது ஏமாற்றமான செய்தி: விடுவிக்கப்பட்டவர்கள் சற்றே கூடினார்கள், பிறகு நீதிபதிகள் மெல்ல மெல்லப் பழைய பழக்கத்துக்கே திரும்பினார்கள். இதற்குத் தேர்தல் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். ஜாமீன் மறுக்கப்பட்டு ஒருவர் மூன்று வாரம் உள்ளே கிடந்து வேலையை இழந்தால் அது செய்தித்தாளில் வராது. விடுவிக்கப்பட்டவர் மறுநாள் யாரையாவது அடித்துவிட்டால் நீதிபதியின் பெயர் முதல் பக்கத்தில் வரும், அடுத்த தேர்தலில் எதிராளியின் துண்டறிக்கையில் வரும். ஒரு தவறுக்குத் தண்டனை உண்டு, மற்றத் தவறுக்குக் கேள்வியே இல்லை என்றால் மனிதர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. நான்கு ஆண்டில் ஒருமுறை தேர்தல் என்றால் அந்த அச்சத்துக்கு ஓய்வே கிடையாது. வேட்பாளராகப் பதிவு செய்வது, நன்கொடை திரட்டுவது, ஊர்வலங்களில் நடப்பது என்று கடைசி ஓராண்டு அதிலேயே போய்விடும்.

எதிர்வாதங்களில் மிகக் கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: மோசமான நீதிபதி எட்டு ஆண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? இதற்குச் சான்றாகப் பென்சில்வேனியாவின் லுசெர்ன் கவுண்டியைக் காட்டலாம். அங்கே மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கோனஹன் என்ற இரண்டு நீதிபதிகள் தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடம் பணம் வாங்கினார்கள். சியாவரெல்லாவின் கோர்ட்டிலிருந்து பிள்ளைகள் அந்தக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். பள்ளித் துணை முதல்வரைக் கிண்டல் செய்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிய சிறுமியும் அனுப்பப்பட்டாள். பல பிள்ளைகளுக்கு வக்கீல் இல்லை. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. 2011-இல் சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டுச் சிறை. பென்சில்வேனியாவில் அந்தப் பதவிக்குக் காலம் 10 ஆண்டு. நீண்ட காலம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று தோன்றும். தேதிகளைப் பார்த்தால் அந்த வாதம் உடைகிறது. பிள்ளைகளை அனுப்பும் அக்கிரமம் முழுவேகத்தில் நடந்துகொண்டிருந்த 2005-இல் சியாவரெல்லா வாக்காளர்கள் முன் நின்றார். அவரை இன்னும் பத்தாண்டுக்கு நீடிக்கச் சொல்லி வாக்காளர்கள் அனுப்பி வைத்தார்கள். அவரது கண்டிப்பு ஊரில் பிரபலம். பள்ளிக்கூடங்கள் அவரை அழைத்துப் பேச வைத்தன. அவரைப் பிடித்தது வாக்குச்சீட்டு அல்ல. சிறார்களுக்காக வாதாடும் ஒரு சட்ட அமைப்பின் மனுவும், கூட்டாட்சிப் புலனாய்வும்தான் பிடித்தன. தேர்தல் நீதிபதியின் கண்டிப்பை எடை போடும்; அவரது மூடிய அறைக்குள் எட்டிப்பார்க்க அதனால் முடியாது.

கென்டக்கிக்கு அப்படி எட்டிப்பார்க்கும் கருவி ஒன்று உண்டு. 1975 திருத்தமே அதையும் உண்டாக்கியது. நீதிபதிகள் மூவர், வக்கீல் ஒருவர், பொதுமக்களிலிருந்து இருவர் என்று ஆறு பேர் கொண்ட நீதித்துறை நடத்தை ஆணையம் அது. புகாரை விசாரிக்கலாம், சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யலாம், பதவியிலிருந்தே நீக்கலாம். மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அந்த ஆணையம் வெறும் காகிதப்புலி அல்ல. இந்தத் திருத்தம் வாக்குக்கு வந்த அதே 2020-இல், ஆகஸ்ட் மாதம், கென்டன் கவுண்டியின் குடும்ப நீதிமன்ற நீதிபதி ஒருவரை அது பதவியிலிருந்து தூக்கியது. அவர் எட்டாண்டுக் காலப் பதவியில் இருந்தவர். பதவிக்காலம் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. இதோடு ஒப்பிட்டால் நான்காண்டுத் தேர்தல் மிகப் பலவீனமான கடிவாளம். உள்ளூர் நீதிபதி தேர்தல்களில் பல, போட்டியே இல்லாமல் முடிகின்றன. உட்கார்ந்திருக்கும் நீதிபதியை எதிர்த்து நின்று தோற்ற வக்கீல் மறுநாள் அதே நீதிபதி முன் கட்சிக்காரருக்காக வாதாட வேண்டும் என்பதால் பலர் துணிவதில்லை. கட்சிச் சின்னமும் இல்லாத போட்டி. வாக்காளருக்குத் தெரிவதெல்லாம் சாலையோரப் பலகையில் பார்த்த ஒரு பெயர்.

இன்னொரு எதிர்வாதம் கூர்மையானது. பென்சில்வேனியாவில் பத்தாண்டுக் காலம் இருந்தும் தேர்தல் நெருங்கும்போது தண்டனை நீண்டது என்று நானே மேலே சொன்னேனே, அப்படியானால் காலத்தை நீட்டி என்ன பயன்? உண்மை. பதவிக்காலத்தை நீட்டுவதால் அச்சக்காலம் ஒழியாது. எட்டு ஆண்டில் இரண்டு முறை வருவது ஒரு முறை வரும், அவ்வளவே. அந்த அவ்வளவே எத்தனை பேருடைய வாழ்க்கை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நீதிபதியின் ஓராண்டு என்பது ஆயிரக்கணக்கான வழக்குகள். ஒரு தேர்தல் குறைந்தால், தேர்தல் நிழல் படாத காலத்தில் அத்தனை பேர் விசாரிக்கப்படுவார்கள். இதைவிட முழுமையான தீர்வு, தேர்தலே இல்லாமல் நியமிப்பது. கென்டக்கி மக்கள் 1850 சாசனத்திலிருந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்து வருகிறவர்கள். அந்த உரிமையை விட்டுத் தரமாட்டார்கள். விட்டுத் தர வேண்டும் என்று கேட்பதும் சரியல்ல. அந்த உரிமை அங்கே பிறந்த காரணமே வேறு. 1820-களில் கடன் நெருக்கடியில் தவித்த விவசாயிகளுக்காகச் சட்டமன்றம் இயற்றிய நிவாரணச் சட்டங்களை மாநிலத்தின் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதிகளை நீக்கப் போதுமான ஓட்டு இல்லாத சட்டமன்றம் 1824-இல் அந்தக் கோர்ட்டையே கலைத்துப் புதிய கோர்ட் ஒன்றை அமைத்தது. பழைய நீதிபதிகள் இறங்க மறுத்தார்கள். ஒரே மாநிலத்தில் நாங்கள்தான் உயர் நீதிமன்றம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கோர்ட்டுகள் இருந்தன. 1826-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்ட பிறகே குழப்பம் தீர்ந்தது. அடுத்த தலைமுறையில் மாநிலம் மாநிலமாக நீதிபதித் தேர்தல் பரவியபோது, சீர்திருத்தக்காரர்கள் பலர் சொன்ன காரணங்களில் ஒன்று, நீதிபதியைக் கவர்னர், சட்டமன்றம் இரண்டின் பிடியிலிருந்தும் விடுவிப்பது. தேர்தல் என்பதே நீதிபதியின் சுதந்திரத்துக்காகக் கேட்கப்பட்டது. பதவிக்காலத்தை நீட்டுவது அந்த நோக்கத்துக்கு எதிரானது அல்ல.

பணத்தைப் பற்றிய கவலையையும் தள்ளிவிட முடியாது. பதவி நீண்டால் அதன் மதிப்பு கூடும், அதை வாங்க நினைப்பவரின் செலவும் கூடும். அண்டை மாநிலமான மேற்கு வர்ஜினியாவில் உச்ச நீதிமன்றப் பதவிக்கு 12 ஆண்டு. அங்கே 2004-இல் நிலக்கரி நிறுவனத் தலைவர் டான் பிளாங்கென்ஷிப் ஒரு வேட்பாளருக்காக 30 லட்சம் டாலர் கொட்டினார். வென்ற அந்த நீதிபதி, அதே நிறுவனத்துக்கு எதிரான 5 கோடி டாலர் தீர்ப்பைக் கவிழ்த்த பெரும்பான்மையில் இருந்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் 5,000 டாலர் வழக்குகளையும் போக்குவரத்து அபராதத்தையும் விசாரிக்கும் கோர்ட்டை விலைக்கு வாங்க நிலக்கரி அதிபர்கள் வருவதில்லை. அங்கே நன்கொடை தருவது பெரும்பாலும் உள்ளூர் வக்கீல்கள். நான்காண்டுக்கு ஒருமுறை அவர்களிடம் பணம் திரட்டுவதைவிட எட்டாண்டுக்கு ஒருமுறை திரட்டுவது மேல்.

எட்டாண்டு வக்கீல் அனுபவம் என்ற நிபந்தனையில் எனக்குச் சம்மதம் பாதிதான். சட்டக்கல்லூரியை விட்டு வந்து இரண்டே ஆண்டில் ஒருவர் மற்றொருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் பெறுவது சரியல்ல. ஆனால் கிழக்கு கென்டக்கியின் மலைக் கவுண்டிகளில் வக்கீல்களே குறைவு. அங்கே எட்டு ஆண்டு என்று கோடு போட்டால் இருக்கும் சிலரில் பலர் வெளியே போவார்கள். மீதமிருப்பவர் நல்ல வருமானம் உள்ள, நாற்காலிக்காகத் தொழிலை மூட மனமில்லாத மூத்தவர். ஐந்து ஆண்டு போதும் என்பேன். அனுபவசாலிகள் வராததற்குக் குறுகிய காலமும் ஒரு காரணம்: கட்டிய அலுவலகத்தை மூடி, கட்சிக்காரர்களைப் பிறரிடம் ஒப்படைத்து வருகிறவருக்கு நான்கு ஆண்டு கழித்து எல்லாம் போகலாம் என்ற நிலை. எட்டு ஆண்டு என்றால் யோசித்துப் பார்ப்பார்.

இவ்வளவு நியாயம் இருந்தும் மக்கள் ஏன் மறுத்தார்கள்? சட்டப் பாஷை புரியாமல் மறுத்தார்கள் என்று சொல்வது சுலபம். முதல் திருத்தம் இருக்கும்போது அந்த விளக்கம் நிற்காது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைத் திருத்தம் 2018-இலேயே ஒருமுறை வென்றது. வாக்குச்சீட்டில் முழு வாசகம் இல்லை என்று 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதனால் 2020-இல் இரண்டு திருத்தங்களின் முழு வாசகமும் அச்சிடப்பட்டது. அடர்ந்த எழுத்தைக் கடந்து மக்கள் ஒன்றை ஏற்றார்கள், ஒன்றை மறுத்தார்கள். அவர்கள் படித்தது இதுதான்: அரசு வழக்கறிஞருக்குக் கூடுதல் காலம், நீதிபதிக்குக் கூடுதல் காலம். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதற்கான காரணம் நிர்வாக வசதி. எல்லாப் பதவிகளும் 2030-இல் ஒன்றாக முடிந்தால் நீதி மாவட்டங்களின் எல்லையை மாற்றி அமைப்பது எளிது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். எல்லை மாற்றம் அவசியமான வேலைதான். ஆனால் வாக்காளரிடம் அவர் கையில் உள்ள கடிவாளத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கும்போது, காலண்டர் வசதி ஒரு காரணமாக எடுபடாது. அதைவிட முக்கியமாக, இந்த இரண்டு பதவிகளும் ஒரே இனம் அல்ல. யார் மேல் வழக்குப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கும் அரசு வழக்கறிஞர் அரசியல் தீர்மானம் செய்கிறார். அவர் அடிக்கடி மக்களுக்குப் பதில் சொல்வது நியாயம். நீதிபதி அப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது. முன்னால் வருவதைச் சட்டப்படி தீர்க்க வேண்டும். போதாததற்கு, காமன்வெல்த் அட்டர்னி வேலை செய்வது சர்க்யூட் கோர்ட்டில். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவர் கவுண்டி அட்டர்னி. அவருடைய நான்காண்டுக் காலத்தைத் திருத்தம் தொடவே இல்லை. ஒரே கோர்ட்டில்கூட நிற்காத இருவரை ஒரே கேள்விக்குள் அடைத்தார்கள். தங்கள் காலத்தைத் தாங்களே நீட்டிக்கொள்கிறார்கள் என்ற சந்தேகமும் கிளம்பியிருக்கும். மாவட்ட நீதிபதிகளின் புதிய காலம் 2022-இல் தேர்வாகிறவர்களுக்கே தொடங்கும், அரசு வழக்கறிஞர்களுடையது 2030-இல்தான் என்பதால் அந்தச் சந்தேகம் தவறு. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு கேள்வி கேட்டவர்களுடையது.

மக்களுக்குத் தெளிவாகச் சொன்னால் மறுப்பார்கள், மறைத்துக் கேட்டால்தான் நடக்கும் என்று நினைக்கும் அரசியல்வாதிகளுக்குப் பென்சில்வேனியா ஒரு தவறான பாடத்தைத் தந்திருக்கிறது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 75 ஆக்கும் கேள்வி 2016 ஏப்ரல் வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்தது. சட்டமன்றம் அதைத் தள்ளிவைத்து, வாசகத்தை மாற்றியது. நவம்பரில் வந்த புதிய வாசகத்தில் இப்போதைய வயது 70 என்பதே இல்லை. நீதிபதிகள் 75 வயதில் ஓய்வு பெற வேண்டுமா என்று மட்டும் இருந்தது. புதிதாக வயது வரம்பு வருகிறது என்று எண்ணி ஆமாம் போட்டவர்கள் எத்தனை பேரோ. வழக்குப் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் 3-3 என்று பிளந்தது, வாசகம் தப்பித்தது, கேள்வி மெல்லிய பெரும்பான்மையில் வென்றது. அந்த வெற்றியைவிடக் கென்டக்கியின் தோல்வி நேர்மையானது. அரிசோனாவில் 2024-இல் வந்த கேள்வியோ இன்னும் மேலே போனது. நன்னடத்தை உள்ளவரை நீதிபதி நீடிக்கலாம், வாக்காளர் முன் வழக்கமாக வர வேண்டியதில்லை என்றது. அதே நாளில் வாக்குக்கு வந்திருந்த நீதிபதிகளின் முடிவையும் பின்தேதியிட்டு இல்லாமல் ஆக்கப் பார்த்தது. அந்த மாநிலத்தில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். சரியாகவே சொன்னார்கள். நான்கை எட்டாக்குவதும், தேர்தலையே எடுத்துவிடுவதும் வேறு வேறு காரியங்கள்.

கென்டக்கியில் 2022-இல் தேர்வான மாவட்ட நீதிபதிகள் 2026-இல் மறுபடி வாக்காளர் முன் நிற்க வேண்டும். சர்க்யூட் நீதிபதிகளுக்கு 2030 வரை தேர்தல் இல்லை. அரசியல் சாசனத் திருத்தத்தை மக்கள் முன் வைக்கச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அதைத் திரட்டி மீண்டும் கேட்பவர்கள் மாவட்ட நீதிபதியின் காலத்தை மட்டும் தனியாகக் கேட்கட்டும். வழக்கறிஞர்களுக்கு எட்டு ஆண்டு வேண்டுமானால் அது வேறொரு கேள்வியாக வரட்டும். வாக்காளரிடமிருந்து ஒரு தேர்தலை எடுத்துக்கொள்வதற்கு ஈடாக அவருக்கு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். யூட்டா மாநிலத்தில் மதிப்பீட்டு ஆணையம் ஒன்று கோர்ட்டுகளுக்குப் பார்வையாளர்களை அனுப்புகிறது. நீதிபதி எதிரில் நிற்பவரைப் பேச விடுகிறாரா, புரியும்படி விளக்குகிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா என்று அவர்கள் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அலாஸ்காவில் போலீஸ், நன்னடத்தை அதிகாரிகள், வக்கீல்கள், ஜூரியில் இருந்தவர்கள் எல்லாரிடமும் கருத்துக் கேட்டுத் தேர்தலுக்கு முன் அச்சிட்டுத் தருகிறார்கள். கென்டக்கியின் எட்டாண்டு நீதிபதிக்கு நான்காம் ஆண்டில் இப்படி ஓர் அறிக்கை வரட்டும், எட்டாம் ஆண்டில் இன்னொன்று. எத்தனை பேருக்கு ஜாமீன் மறுத்தார், அவர்களில் எத்தனை பேர் மேல் வழக்கு நிற்காமல் போனது, வாடகைதாரர்களில் எத்தனை பேரை வக்கீல் இல்லாமலே வெளியேற்றினார் என்ற கணக்கு அதில் இருக்கட்டும். இந்த எண்களுக்கான பதிவேடுகள் மாநில நீதிமன்ற நிர்வாக அலுவலகத்தின் கணினிகளில் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றை நீதிபதி வாரியாகப் பிரித்து அச்சிட அரசியல் சாசனத் திருத்தம்கூடத் தேவையில்லை. அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.